பானைக்குள் போட்ட குளிசை

டிஸ்பென்சர் அருளம்பலத்தாரின் மருந்துச்சாலையில் ஒரேயொரு கண்ணாடிக் கிளாசும், அதில் மருந்து குடிக்க இரண்டு முறைகளும் இருந்தன. கிணற்றுக் கட்டில் ஏறலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டவர்களின் கையில் கிளாசைக் கொடுப்பார். ஏறக்கூடாது என்று ஊர் வைத்திருந்தவர்கள் வாசற்படிக்கு வெளியே குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துப் பிடிப்பார்கள். அதே கிளாசிலிருந்து அதே தண்ணிமருந்தை ஒரு முழ உயரத்தில் வைத்து ஊற்றுவார். விரலிடுக்கால் ஒழுகிப் போவதை ஈடுசெய்ய அவர்களுக்குக் கொஞ்சம் கூட ஊற்றுவார். இதை அவருடைய நீதியுணர்வுக்கு உதாரணமாகச் சொன்ன படித்த மனிதர்களை எனக்குத் தெரியும்.

மருந்துச்சாலை மானிப்பாயிலிருந்து இரண்டு மைல் தள்ளி, பஸ் நின்று போகும் ஒரு சந்தியில் இருந்தது. அதற்கு முன் அருளம்பலத்தார் அரசாங்க டிஸ்பென்சராகக் குருநாகல் பக்கம் வேலை பார்த்தவர். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்து, சிங்களம் படித்துச் சோதனை பாஸ்பண்ணு என்றபோது மாட்டேன் என்றார். கொள்கைக்காக என்று ஊரில் பெயர். உண்மையில் புதிதாக ஒரு பாஷை உள்ளே போனால் ஏற்கெனவே உள்ளே இருப்பது கெட்டுவிடும் என்று அவர் நம்பினார். வெளியிலிருந்து வருவது எதுவும் உள்ளே இருப்பதைக் கெடுக்கும் என்பது அவருடைய அரசியலுக்கும் வைத்தியத்துக்கும் சமையலுக்கும் பொதுவான சித்தாந்தம்.

இருந்தும் சம்பளத்துக்காக நாலு வருஷம் இழுத்தடித்தார். அறுபதாம் ஆண்டு அவருடைய இரண்டு வயது மகன் வயிற்றோட்டம் கண்டு மூன்றே நாளில் செத்தான். மருந்து அலுமாரியின் திறப்பு தகப்பனின் இடுப்பில் இருந்தது. கொடுக்கத் தொடங்கியதுதான் ஒருநாள் பிந்திவிட்டது. அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு மனைவி சிவக்கொழுந்தையும் நாலு வயது மகள் பராசக்தியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வரும்போது ஒரு தீர்மானத்தோடு வந்தார். இனி இந்த வீட்டில் நோய் வருத்தம் வரும்வரை மருந்து காத்திருக்காது.

றெட்ராசைக்கிளின் அப்போது புதுமெருகு குலையாத மருந்து. நாளுக்கு ஒரு குளிசை வீட்டுக்குள் போனால் எந்தக் கிருமியும் தலைவைத்துப் படுக்காது என்று அவர் கணக்குப் போட்டார். இடையில் ஒரு சங்கடம் வந்தது. குளிசையின் கூடு மாட்டெலும்பைக் காய்ச்சிச் செய்வது. சந்தியில் வருபவர்களுக்கு அதைக் கூடோடு விழுங்கக் கொடுப்பதில் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. தன் வீடு சைவ வீடு. ஆகவே விடிய எழுந்து, குளித்து, திருநீறு பூசி, சிவக்கொழுந்து நிரப்பி வைத்த குடிதண்ணீர்ப் பானையடிக்குப் போவார். குளிசையின் இரண்டு தொப்பியையும் கழற்றி வேலிக்கு அப்பால் எறிவார். உள்ளே இருந்த மஞ்சள் தூளைப் பானைக்குள் தட்டுவார். சிவக்கொழுந்து அகப்பைக் காம்பால் கலக்குவாள். மூன்று பேர், ஒரு பானை, ஒரு குளிசை. ஆடி அமாவாசைக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் மட்டும் விடுமுறை. விரத நாளில் மருந்து சேராதாம். எழுபதுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் வருவது இறுகியதும் அரைக் குளிசையாக்கினார். இப்படிப் பதின்மூன்று வருஷம்.

பலன் இல்லாமல் இல்லை. பராசக்திக்குப் பால்பல் விழுந்து முளைத்த பற்கள் அடிமஞ்சளும் நடுச்சாம்பலுமாக, வரிவரியாக வந்தன. குளிசையால்தான் என்று மருந்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அருளம்பலத்தார் அந்தப் பக்கத்தைப் படித்துமிருந்தார். பல்லுக்காகப் பிள்ளையைப் பலிகொடுக்க முடியுமா என்று சிவக்கொழுந்தைக் கேட்டார். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகியது. பதினாறு வயதில் அந்தக் கை தானாகவே எழும்பும். அடக்கமான பெண் என்று ஊர் சொன்னது.

மனிதக் குடலுக்குள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அநேகமானவை ஒருவருக்கும் கெடுதல் செய்யாத அப்பாவிகள். தினமும் வந்த மஞ்சள் தூள் இந்த அப்பாவிகளைக் கொன்றது. முழுவதையும் கொல்லும் அளவுக்கு ஒருநாளும் வரவில்லை. அவற்றுள் எதுவோ ஒன்றிடம், தன் உடம்பு டி.என்.ஏ.யைத் தவிர, சின்ன வளையமாக இன்னொரு துண்டு டி.என்.ஏ. இருந்தது. மருந்தை வெல்லும் வித்தை அதில் எழுதியிருந்தது. மற்றவை சாகச் சாக அது பெருகியது. பெருகியதோடு நிற்கவில்லை. பக்கத்தில் நிற்கும் பற்றீரியாவை மயிரிழை போன்ற ஒன்றை நீட்டிப் பிடித்து, இழுத்து ஒட்டிக்கொள்ளும். வளையத்தின் இரண்டு புரியில் ஒன்று அதற்குள் போகும். பிறகு இரண்டுமே தங்களிடமுள்ள ஒற்றைப் புரியை இரட்டையாக்கிக்கொள்ளும். கொடுத்ததற்கு ஒன்றும் குறையாது, வாங்கியது அந்த நிமிஷமே கொடுக்கிற நிலைக்கு வந்துவிடும். புத்தகத்தில் இதற்கு இணைதல் என்று பெயர். வாங்குவது தன் இனமா, தூரத்து உறவா, அந்நியமா என்று அது பார்ப்பதில்லை.

இன்னொன்று. அந்த வளையத்தில் ஒரு வித்தை மட்டும் எழுதியிருக்கவில்லை. றெட்ராசைக்கிளினோடு குளோரம்பெனிக்கோல், ஸ்ரெப்ரோமைசின், சல்பா என்று, அருளம்பலத்தார் பானைக்குள் ஒருநாளும் போடாத மருந்துகளை வெல்லும் வித்தைகளும் ஒரே கட்டாகக் கோத்துக் கிடந்தன. ஒன்றை வளர்த்தால் நாலும் வளரும். அவர் பதின்மூன்று வருஷம் தன் கையால் வளர்த்தார்.

எழுபத்துநாலாம் ஆண்டு ஆனி மாதம் கொடிகாமத்தில் அவருடைய தமக்கை வீட்டில் கலியாணம். ஏழு தலைமுறைக்குப் பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாம் ஒப்புவிக்கக்கூடிய குடும்பம். அப்படியிருந்தும் அருளம்பலத்தார் இரண்டு போத்தலில் வீட்டுப் பானைத் தண்ணீர் கொண்டுபோனார். பராசக்திக்குப் பதினேழு வயது. மச்சாள்மார் மூன்று பேர் மோர்ப் பந்தலடியில் நின்று கூப்பிட, தகப்பனின் போத்தலை விட்டுவிட்டுப் போய் ஒரு தம்ளர் மோர் குடித்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவள் செய்த பெரிய குழப்படி அது.

கலியாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் நாலு பெட்டைகளுக்கும் காய்ச்சல். நெருப்புக் காய்ச்சல், அதாவது ரைபோயிட், என்று நாலு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வாட்டில் போட்டார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நாலு பேருக்கும் குளோரம்பெனிக்கோல் தொடங்கினார்கள்; அந்தக் காய்ச்சலுக்கு அதுதான் மருந்து. மருந்து தொடங்கி ஆறாம் நாள் மச்சாள்மார் மூவரும் எழும்பியிருந்து, பாணும் பருப்பும் கேட்டுச் சண்டை பிடித்தார்கள். பராசக்திக்கு நூற்றிநாலு பாகையில் காய்ச்சல் நின்றது. எட்டாம் நாளும் நின்றது.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்துப் பார்ப்பவர் செபநாயகம். அருளம்பலத்தாரின் ஊர்க்காரர்தான். அவருடைய தாய் கத்தரீனா, மருந்துச்சாலை வாசலில் கைசேர்த்துக் குடித்தவர்களில் ஒருத்தி. ஊருக்குள் அருளம்பலத்தார் அவரை ‘நீ’ என்பார். ஆஸ்பத்திரிக்குள் மிஸ்ரர் செபநாயகம் என்பார். இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்ல அவரால் முடிந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஆய்வுகூட யன்னலடியில் அருளம்பலத்தாரும் வாட்டு டொக்டர் கனகரத்தினமும் நின்றார்கள். டொக்டருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

“ஐயா, இந்தத் தட்டைப் பாருங்கோ,” என்றார் செபநாயகம். கண்ணாடித் தட்டில் கிருமி பாலாடை மாதிரிப் படர்ந்திருக்க, மேலே மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகள் கிடந்தன. “இது குளோரம்பெனிக்கோல் பொட்டு. இதைச் சுத்தி வட்டமா வெறுமையா இருக்கோணும். கிருமி ஒட்டி வளந்திருக்கு. இஞ்சாலை அம்பிசிலின் பொட்டு. வட்டம் வடிவா விழுந்திருக்கு. அது கேக்கும்.”

“மற்ற மூண்டு பிள்ளையளின்ரை தட்டு?” என்று டொக்டர் கேட்டார்.

“அதுகளிலை குளோரம்பெனிக்கோலுக்கும் வட்டம் இருக்கு ஐயா.”

அருளம்பலத்தார் டொக்டரைப் பார்த்துச் சிரித்தார். “ஒரே கலியாணவீடு, ஒரே கிடாரத்து மோர். கிருமியும் ஒரே வித்தாத்தானே இருக்கோணும்? மூண்டு பேரிலை குணமான கிருமி என்ரை பிள்ளையிலை மட்டும் குணம் மாறுமோ?”

“கிருமி அதுதான் ஐயா. வரேக்கை வெறுங்கையோடைதான் வந்திருக்கும். இவவின்ரை வயித்துக்கை வந்தாப் பிறகு குடுத்திருக்கினம்.”

“ஆர் குடுத்தது?”

“முதலே உள்ளுக்கை இருந்த கிருமியள். ஒண்டும் செய்யாத சாதாரணக் கிருமி.”

“அது நல்ல கிருமியெல்லோ?”

“ஓம் ஐயா. நல்லதுதான் குடுத்தது.”

“வேறை இனத்துக்கோ?”

“வேறை இனத்துக்குத்தான். உதுகள் அப்பிடிக் குடுக்கும், வாங்கும். மெக்சிக்கோவிலை இரண்டு வருசத்துக்கு முதல் நெருப்புக் காய்ச்சல் இப்பிடி மாறி, கனபேர் செத்தவை. டொக்டரிட்டை அந்தப் புத்தகம் இருக்கு.”

டொக்டர் தலையாட்டினார். அருளம்பலத்தார் செபநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“உமக்குப் பிடிச்ச கதைதான் உது, மிஸ்ரர் செபநாயகம். உம்மடை ஆக்கள் கோயிலுக்கை வரப் பாத்தினம். இப்ப கிருமியளையும் சம்பந்தம் செய்து கூட்டிக்கொண்டு வாறீர்.”

“சம்பந்தமில்லை ஐயா,” என்றார் செபநாயகம். “சீதனம் மட்டுந்தான்.”

அந்தப் பதிலை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். பராசக்தி செத்தபின் பல வருஷம் அதை என்னிடம் சொல்லிச் சொல்லி நொந்துகொண்டார்.

அருளம்பலத்தார் டொக்டரைக் கையில் பிடித்து வராந்தாவின் அந்தலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் அம்பிசிலின் ஊசிமருந்து ஓராளுக்குக் காணத்தான் இருந்தது. கொழும்பிலிருந்து அடுத்தது எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. டொக்டர் அதைப் பராசக்திக்கு எழுதப் பேனையை எடுத்துவிட்டார்.

“தம்பி, அவசரப்படாதேயுங்கோ. உங்களுக்கு உவன் ஆரெண்டு தெரியுமோ? தாய் என்ரை மருந்துச்சாலை வாசலிலை கையேந்திக் குடிச்சவள். உவன்ரை கை பட்ட தட்டு அது. ஊத்தைக் கையாலை வேறை ஏதும் கிருமி விழுந்து முளைச்சிருக்கும். நான் முப்பது வருசம் மருந்து குடுத்தவன். நெருப்புக் காய்ச்சலுக்குக் குளோரம்பெனிக்கோல் கேக்காமல் விட்டதை ஒருநாளும் காணேல்லை. பழகாத ஊசியைப் போட்டுப் பிள்ளைக்கு ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

டொக்டருக்குச் செபநாயகத்தின் தட்டில் நம்பிக்கை இருந்தது. ஆனால் முப்பது வருஷம் என்ற சொல்லுக்கும், தகப்பனின் வெள்ளை வேட்டிக்கும், தன்னுடைய தாய்வழி அந்த ஊர் என்பதற்கும் சேர்த்து ஒரு மரியாதை இருந்தது.

“சரி ஐயா. திருப்பி ஒருக்கா இரத்தம் எடுத்து வளத்துப் பாப்பம். மூண்டு நாள்.”

“அதுதான் முறை,” என்றார் அருளம்பலத்தார்.

செபநாயகம் அன்றைக்கு இரண்டுதரம் வாட்டுக்கு ஏறி வந்து டொக்டரிடம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் டொக்டருக்குக் கோபம் வந்தது. களஞ்சியத்தில் இருந்த அம்பிசிலின் சும்மா கிடக்கவில்லை. பக்கத்து வாட்டில் சிறுநீரகத்தில் சீழ் வைத்துக் கிடந்த கள்ளிறக்கும் ஒரு மரமேறியின் மனைவிக்கு மறுநாள் போட்டார்கள். அவள் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனாள்.

அந்த மூன்று நாளும் அருளம்பலத்தார் கைகட்டி நிற்கவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த குளோரம்பெனிக்கோல் காணாது என்று தன் அலுமாரியிலிருந்து இன்னொரு பங்கு கொண்டுவந்தார். கட்டிலோரம் நின்று, தொப்பிகளைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, தூளைத் தண்ணீரில் கலக்கி மகளுக்குப் பருக்கினார். அது கசப்பு. அவள் துப்பப் பார்ப்பாள்; தாடையைப் பிடித்து விழுங்க வைப்பார். ஒரு கிருமியும் சாகவில்லை. குடலில் மிச்சமிருந்த அப்பாவிகள் மட்டும் செத்தன.

பதினோராம் நாள் அவளுக்குச் சித்தம் கலங்கியது. மச்சாள்மாரின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முதல்தரமாகக் கை வாய்க்கு எழும்பவில்லை. வாட்டு முழுக்க அந்த வரிப்பற்களைக் கண்டது. அருளம்பலத்தார் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மகளின் வாயை மூடினார்.

“ஆக்கள் பாக்கினம், பிள்ளை.”

சிவக்கொழுந்து அந்தச் சால்வையை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை இரண்டாவது தட்டு வந்தது. முதல் தட்டுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. டொக்டர் அம்பிசிலினுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தபோது பராசக்தியின் வயிறு பலகை மாதிரி இறுகியது. குடல் ஓட்டையாகிவிட்டது. மத்தியானம் வெட்டித் தைத்தார்கள். அடுத்தநாள் காலை தேத்தண்ணி வண்டி வாட்டுக்குள் வந்த நேரம் செத்தாள். மச்சாள்மார் மூவரும் முதல்நாளே ஆஸ்பத்திரி துண்டு வெட்டிவிட, குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்து இரண்டு நாள் கழித்துச் செபநாயகம் சைக்கிளில் அந்த வீட்டுப் படலையடிக்கு வந்தார். காரியரில் கட்டிய பெட்டியில் போத்தல்கள். வீட்டுத் தண்ணீரும் வீட்டுக்காரரின் மலமும் எடுத்துவர டொக்டர் அனுப்பியிருந்தார். அருளம்பலத்தார் சந்திக்குப் போய்விட்டார். எட்டுச்செலவுக்கு மறுநாளே மருந்துச்சாலை திறந்தாகிவிட்டது. சிவக்கொழுந்து படலைக்கு வந்தாள். செபநாயகம் பெட்டியின் காரணத்தைச் சொல்ல, அவள் பானையில் ஒரு செம்பு மொண்டுவந்து போத்தலில் ஊற்றினாள்.

“என்னண்டு உந்த மஞ்சள், அம்மா?”

அவள் குளிசையின் கதையைச் சொன்னாள். பதின்மூன்று வருஷக் கதைக்கு ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது. செபநாயகம் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

“தம்பி, நீங்கள் அண்டைக்கு ஏதோ குடுத்தது வாங்கினது எண்டியளாம். எனக்கும் சொல்லுங்கோ.”

“அம்மா, நான் ஒரு வேலை செய்து பாத்தனான். தங்கச்சியின்ரை வயித்திலை இருந்த சாதாரணக் கிருமியை எடுத்தன். மச்சாள்ப் பிள்ளை ஒண்டின்ரை காய்ச்சல் கிருமியையும் எடுத்தன், மருந்துக்குச் சாகிற கிருமி. இரண்டையும் கிருமி வளக்கிற ஒரு போத்தல் வடிசாறிலை ஒருநாள் ஒண்டா விட்டன். அடுத்தநாள் காய்ச்சல் கிருமி மருந்துக்குச் சாகேல்லை. தங்கச்சிக்குள்ளையும் அதுதான் நடந்தது.”

“சாதாரணக் கிருமிக்கு ஆர் குடுத்தது?”

“முதல் எங்கையிருந்து வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது அம்மா. வளத்தது…” அவர் போத்தலைப் பார்த்தார்.

“குளிசையோ?”

“ஓம்.”

“தூள் போட்டது அவர். கலக்கினது நான்.”

செபநாயகம் போத்தலின் மூடியை இறுக்கினார்.

“எங்கடை வயித்துக்கை இன்னும் இருக்குமோ?”

“ஐயாவிலையும் இருக்கும். உங்களிலையும் இருக்கும், அம்மா. பானையை விட்டால் மெல்ல மெல்லக் குறையும்.”

அவர் போகுமுன் சிவக்கொழுந்து உள்ளே போய்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவந்தாள். பழக்கத்தில் செபநாயகம் குனிந்து கையைச் சேர்த்தார். அவள் செம்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் திகைத்துப் போய், வாய் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மத்தியானம் அருளம்பலத்தார் சாப்பாட்டுக்கு வந்தபோது பானை முற்றத்தில் ஓடாகக் கிடந்தது. நடந்ததை அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார்.

“உவன் தன்ரை ஊத்தைத் தட்டை மறைக்கச் சொல்லுற கதையள். நீயும் நம்பு. தண்ணி கொண்டா.”

அவள் செம்போடு குசினி வாசலில் நின்றாள்.

“குனியுங்கோ.”

“என்ன?”

“உங்கடை வயித்துக்கை அது இருக்கு. நீங்கள் வாய்வைச்ச பாத்திரத்திலை இனி இந்த வீட்டிலை ஒருத்தரும் குடிக்கேலாது. வெளியிலை நிண்டு குனியுங்கோ. ஊத்திறன்.”

தன் வயிற்றிலும் அதுதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. அவர் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு கிணற்றடிக்கு நடந்தார். அங்கே துலாக்கயிறு அறுத்துப் போடப்பட்டிருந்தது. அயலில் போய் மனைவி தண்ணீர் தரமாட்டாள் என்று கேட்க அவரால் முடியாது. ஆனி வெயில் முடிந்து ஆடி வெயில். கடைசியில் குசினிப் படிக்கு வெளியே வந்து நின்று, குனிந்து, இரண்டு கையையும் சேர்த்தார். எப்படிச் சேர்க்கவேண்டும், விரலை எங்கே இறுக்கவேண்டும் என்று ஊரில் அவரைவிட நன்றாகப் பார்த்து வைத்திருந்தவர் இல்லை.

எண்பத்தொன்றில் சாகும்வரை ஏழு வருஷம் வீட்டில் அவர் அப்படித்தான் குடித்தார். கயிறு அடுத்தநாளே கட்டியாயிற்று. இருந்தும் அவர் தானாக அள்ளிக் குடித்ததை ஒருவரும் காணவில்லை. பயமா, தண்டனையா, அந்தத் தட்டு சரி என்று ஒப்புக்கொண்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தட்டு ஊத்தை என்றுதான் சொல்லியிருப்பார். சந்தியில் மருந்துச்சாலை வழக்கம்போல நடந்தது. ஒரே கிளாஸ், இரண்டு முறை. வாசலில் குனிந்தவர்களுக்கு, கையால் ஒழுகிப் போவதற்கென்று அவர் கொஞ்சம் கூட ஊற்றினார்.

சிவக்கொழுந்து அளந்துதான் ஊற்றினாள்.